கழகத்துக்குக் காசு சேர்ப்பது எப்படி? கம்பஸ் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை

நாங்கள் இரண்டாம் வருடம் படித்தபோது பாடசாலைப் பிள்ளைகளுக்கான ஒரு கண்காட்சிக்குக் காசு சேர்க்கப் புறப்பட்டோம். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு கடை. நாங்கள் நான்கு பேர், கையில் ஒரு ஃபைல். முதலாளி ஐயா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"போன வருசமும் கம்பஸிலயிருந்து வந்தவை. அஞ்சாயிரம் குடுத்தனான். பிறகு ஒருத்தரையும் இந்தப் பக்கம் காணேல்லை. அந்த அலுவல் என்ன மாதிரி முடிஞ்சது தம்பியவை?"

போன வருடம் வந்தவர்கள் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. அவருக்கு அது தேவையும் இல்லை. அவர் கண்ணுக்கு எல்லாரும் கம்பஸ் பிள்ளைகள்தான். ஆளுக்கொரு சோடா தந்து அனுப்பிவிட்டார்.

ஏதாவது ஒரு மாணவர் கழகத்துக்குப் புதிதாகப் பொருளாளராகியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் திருநெல்வேலி, கைதடி, கிளிநொச்சி எங்கே படித்தாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். (அது 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கி 1979 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. ஊர் வாயில் இன்னும் 'கம்பஸ்'தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

படி 1: முதலில் தாள் வேலை

காசு கேட்கும் முன் நான்கு பொருட்கள் கையில் இருக்க வேண்டும்: கழகத்தின் யாப்பு (விதிகள்), பெரும்பொருளாளரின் ஒப்புதல், கழகத்தின் பெயரில் காசு வைக்க ஒரு கணக்கு, இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம். பெரும்பொருளாளர் ஒரு விரிவுரையாளராக இருப்பார். கையெழுத்துக்கு மட்டும் அவரைத் தேடிப் போகாமல் தொடக்கத்திலேயே உட்கார்ந்து பேசுங்கள். வெளியாரிடம் காசு பெற யாருடைய அனுமதி வேண்டும், அது நிதியாளர் கிளை (பல்கலைக்கழகத்தின் காசுப் பகுதி) வழியாக வர வேண்டுமா என்பதையும் பீடாதிபதி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் தனி ஒருவரின் வங்கிக் கணக்குக்குக் காசு வரக்கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரிதான். "இப்ப அவசரம், பிறகு மாத்துவம்" என்று தொடங்கிய கணக்குகள் எதுவும் நேராக முடிந்ததை நான் பார்த்ததில்லை. கணக்கில் இரண்டு கையெழுத்து இருக்கட்டும்.

பற்றுச்சீட்டைக் கடையில் வாங்காமல் கழகத்தின் பெயர் போட்டு அச்சகத்தில் அடியுங்கள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு காபன் பிரதி வேண்டும். 500 ரூபா தந்தவருக்கும் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். தெருவோடு போகிறவர் சீட்டு வேண்டாம் என்று கையசைத்தாலும் எழுதிவிடுங்கள், பிரதி உங்களிடம் இருக்கும்.

படி 2: பாதீடு

எவ்வளவு கிடைக்கும் என்று யோசிக்காமல் எவ்வளவு செலவாகும் என்பதிலிருந்து தொடங்குங்கள். ஒரு கண்காட்சிக்கு இப்படி வைத்துக்கொள்வோம் (விலைகள் உதாரணத்துக்குத்தான்): ஒலியமைப்பு 25,000, பதாகைகள் 12,000, சிற்றுண்டி 40,000, சான்றிதழ் அச்சு 15,000, போக்குவரத்து 18,000. மொத்தம் 110,000 ரூபா. எதிர்பாராச் செலவுக்குப் பத்து வீதம் போட்டால் 121,000.

இனி ஒவ்வொரு வரியையும் பார்த்து, "இதைக் காசாகத்தான் கேட்க வேண்டுமா?" என்று கேளுங்கள். பேக்கரிக்காரர் காசு தரத் தயங்குவார், 300 பணிஸ் தருவார். அச்சகத்தார் சான்றிதழை அடித்துத் தந்து மூலையில் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். சிற்றுண்டியும் அச்சும் இப்படிப் பொருளாக வந்தால் 55,000 குறைந்துவிடும். நீங்கள் காசாகத் தேட வேண்டியது 66,000 மட்டும். கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இந்தத் தொகை பயம் தராது.

பாதீட்டில் எல்லாரும் மறப்பது போக்குவரத்தை. பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் மூன்று பீடங்களும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு சாமானைத் திருநெல்வேலிக்கு ஏற்றி வர 60 கிலோமீற்றருக்கு மேல் வாகனம் ஓட வேண்டும், திரும்பவும் போக வேண்டும்.

படி 3: உள்ளே கொஞ்சம்

உறுப்பினர் சந்தா சிறியதாக இருக்கட்டும். மகாபொலப் புலமைப்பரிசுக் காசில் அறை வாடகையும் சாப்பாடும் பார்க்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். முதலாம் வருடத்தவர்களிடம் 'ஆளுக்கு இவ்வளவு' என்று அறவிடுவது காசு சேர்த்தல் ஆகாது. அந்த வழியே வேண்டாம்.

படி 4: கடை வாசல்

இதில்தான் பெரும்பாலான காசு வரும், பெரும்பாலான பிழையும் நடக்கும்.

கடிதம் ஒரு பக்கம். "எமது கழகம் மாணவர் ஆளுமையை மேம்படுத்தும் உன்னத நோக்குடன்" என்று தொடங்கினால் இரண்டாவது வரிக்கு யாரும் போக மாட்டார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "இரண்டு நாள் அறிவியல் கண்காட்சிக்கு 300 பாடசாலைப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கான குடிதண்ணீர்ச் செலவு 9,000 ரூபாவைத் தாங்கள் பொறுப்பெடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். தண்ணீர் வைக்கும் மேசையில் தங்கள் கடையின் பெயர் இருக்கும்." ஒரு பொருள், ஒரு தொகை. 'இயன்றதைத் தாருங்கள்' என்று கேட்டால் லாச்சியில் இருக்கும் சில்லறைதான் வரும்.

எப்போது போவது? வெள்ளிக்கிழமை வேண்டாம். வெள்ளியும் செவ்வாயும் கையிலிருந்து காசு கொடுக்க விரும்பாத முதலாளிமார் இங்கே நிறைய. கடை திறந்தவுடனும் போகாதீர்கள், முதல் வியாபாரம் நடக்க முன் காசு கேட்டு நிற்பவரை யாருக்குப் பிடிக்கும்? பத்தரைக்குப் பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் நல்ல நேரம். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முந்திய வாரங்களில் புடைவைக்கடைப் பக்கம் தலை காட்டவே வேண்டாம்.

இரண்டு பேர் போதும். நான்கு பேர் போனால் கடைக்காரருக்கு அது ஊர்வலம் மாதிரி. அந்த இருவரில் ஒருவர் கடைக்காரரின் ஊர்க்காரராகவோ அவர் படித்த பாடசாலையில் படித்தவராகவோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. "எவடம் தம்பி? ஆற்ரை மகன்?" என்று அவர் கேட்பார். அதற்கு முகம் சுளிக்காதீர்கள். காசு கொடுத்தால் பிறகு உங்களை எங்கே பிடிக்கலாம் என்பதையும் அவர் அதே கேள்வியில் விசாரித்து முடித்துவிடுவார்.

வங்கி, தொலைபேசி நிறுவனம் போன்ற பெரிய இடங்கள் வேறு கதை. யாழ்ப்பாணத்துக் கிளை முகாமையாளர் நல்ல மனிதராக இருப்பார். ஆனால் பெரிய தொகைக்கான கையெழுத்து கொழும்பில் இருக்கும். அதனால் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் இரண்டு மாத அவகாசமும் வேண்டும். இலங்கை வங்கிகள் டிசெம்பரில் ஆண்டுக் கணக்கை முடிக்கின்றன, மற்ற நிறுவனங்கள் பல மார்ச்சில். புது வருடத்துப் பாதீடு எழுதும் நேரத்தில் உங்கள் கடிதம் அவர்கள் மேசையில் இருப்பது நல்லது. இன்னொன்று: டயலொக்கும் மொபிற்றெலும் ஒரே பதாகையில் வராது. யாரிடம் முதலில் கேட்பது என்று யோசித்துவிட்டுப் போங்கள்.

படி 5: மலரும் உறையும்

மலர் (கழகத்தின் சிறப்பு இதழ்) வெளியீடு நம் ஊரில் பழகிய வழி. பின் அட்டை, உள் அட்டை, முழுப் பக்கம், அரைப் பக்கம் என்று விளம்பரத்துக்கு விலை வைத்து ஒரு தாள் அடியுங்கள். அச்சுக்கூலி முழுவதும் விளம்பரத்தில் வந்துவிட வேண்டும். வெளியீட்டன்று முதற்பிரதி பெறுகிறவரும் சிறப்புப் பிரதி பெறுகிறவர்களும் மேடையில் தரும் காசு உறைதான் கழகத்துக்கு மிச்சம். யாரை முதற்பிரதிக்கு அழைப்பது என்பதில் கொஞ்சம் அரசியல் உண்டு, அதைப் பெரும்பொருளாளரிடம் விட்டுவிடுங்கள். உறைகளை அன்றே இரண்டு பேர் முன்னால் பிரித்து எழுதுங்கள்.

விளம்பரத்தை அச்சுக்கு அனுப்பும் முன் அதன் மாதிரிப் பிரதியை எடுத்துக்கொண்டு கடைக்கே போய்க் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். நாங்கள் ஒரு கடைக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் கட்டைவிரல் காட்டினார், நாங்கள் அடித்தோம். மலர் வந்தபோது அவருடைய தொலைபேசி இலக்கத்தில் ஒன்று பிழை. முழுப் பக்கக் காசு போனதுதான். அதைவிட, நாங்கள் பக்கத்தில் பேனையால் திருத்திய 200 பிரதிகள்!

படி 6: நிகழ்ச்சி நடத்தி உழைப்பது

ஒடியல் கூழ் விற்கலாம். ஒரு கணக்கு: 100 பேருக்கு ஒடியல் மா, மீன், நண்டு, இறால், மரவள்ளி, பலாக்கொட்டை, பயத்தங்காய், விறகு எல்லாம் 14,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிளா (பனையோலைக் கிண்ணம்) 250 ரூபா. எல்லாம் விற்றால் 25,000 வரும், கையில் 11,000 நிற்கும். ஆனால் முதலைத் திருப்பவே 56 பேர் குடிக்க வேண்டும். கூழ் அடுத்த நாளைக்கு நிற்காது. ஆகவே முதலே ரிக்கற் விற்று, 70 தாண்டிய பிறகுதான் மீன் வாங்கப் போக வேண்டும்.

நாளையும் பாருங்கள். வெள்ளியில் பாதிப் பேர் சைவம். நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் 25 நாளும் நண்டுக் கூழை யார் குடிப்பது? அந்த நாட்களில் மோரும் கடலையும் விற்றுப் பார்க்கலாம்.

ரிக்கற் போட்டு இசை நிகழ்ச்சியோ திரைப்படக் காட்சியோ வைப்பதானால் உள்ளூராட்சி சபையில் கேளிக்கை வரி பற்றிக் கேட்டுவிட்டு ரிக்கற் அடியுங்கள். திருநெல்வேலி என்றால் நல்லூர்ப் பிரதேச சபை, வீரசிங்கம் மண்டபம் போன்ற நகரத்து மண்டபம் என்றால் மாநகர சபை. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தனி. அதிர்ஷ்டச் சீட்டிழுப்பு இலேசாகத் தெரியும், அனுமதியில்லாமல் நடத்தினால் சட்டச் சிக்கல். புதியவர்கள் அதை விட்டுவிடுங்கள்.

படி 7: வெளிநாட்டில் இருப்பவர்கள்

பழைய மாணவர்களிடம் பொதுக் குழுமத்தில் செய்தி போட்டால் எல்லாரும் கைகூப்பும் படம் அனுப்புவார்கள், காசு அனுப்ப மாட்டார்கள். ஒவ்வொருவராகப் பேசுங்கள். இங்கே இரவு ஏழரை என்றால் கோடைகாலத்தில் ரொறன்ரோவில் காலை பத்து, லண்டனில் பிற்பகல் மூன்று. ஞாயிறாகப் பார்த்து எடுத்தால் ஆறுதலாகக் கதைப்பார்கள்.

பேச்சோடு பேச்சாக ஒன்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: அப்பா, அம்மாவின் நினைவு நாள் எப்போது? அந்த நாளில் ஊரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். என்ன செய்வதென்றுதான் அவர்களுக்குத் தெரிவதில்லை. "அம்மாவின் நினைவாக 40 பிள்ளைகளுக்குக் கொப்பி" என்று நீங்கள் சொல்லி, அன்றே படமும் பற்றுச்சீட்டும் அனுப்பினால் அடுத்த வருடம் அவர்களே எடுப்பார்கள். காசு கழகக் கணக்குக்கு நேரே வரட்டும், மச்சானின் கணக்குக்கு வேண்டாம்.

படி 8: கணக்குத் தாள்

நிகழ்ச்சி முடிந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு பக்கத்தில் வரவு, செலவு, மீதி. பின்பக்கத்தில் இரண்டு படங்கள். காசு தந்த ஒவ்வொருவரிடமும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த நேரத்தில் புதிதாக எதுவும் கேட்காதீர்கள்.

எங்கள் கண்காட்சி எப்படியோ நடந்து முடிந்தது. சோடா தந்த முதலாளி ஐயாவுக்கும் ஒரு தாள் கொண்டுபோனோம், அவர் ஒரு சதமும் தராதவர் என்றாலும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரலால் கூட்டிக்கொண்டு வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இதிலை 350 ரூபா கூட நிக்குது."

அவர் கடை வாங்கிலேயே இருந்து, அவருடைய கல்குலேற்றரை வாங்கி, மூன்று தரம் கூட்டினோம். அவர் சொன்னதுதான் சரி. ஐஸ் கட்டிக் காசை இரண்டு இடத்தில் எழுதியிருந்தோம். திருத்திக் கையெழுத்துப் போட்ட தாளை அவர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் நாங்கள் கடிதத்தோடு போனபோதும் அது அங்கேயே இருந்தது.