மாலகாவில் ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பெயினின் தெற்குக் கடற்கரையில் இருக்கும் மாலகா, நடந்தே சுற்றிவிடக்கூடிய ஊர். ஆனால் எதை எந்த நேரத்தில் பார்ப்பது என்பதில் கோட்டைவிட்டால் பாதி நாள் வீணாகிவிடும்.

பெரிய தவறு மலையில்தான் நடக்கிறது. கீழே அல்கசாபா, 11ஆம் நூற்றாண்டு முஸ்லிம் ஆட்சியாளர்களின் அரண்மனைக் கோட்டை. மேலே மலை உச்சியில் ஹிப்ரல்ஃபாரோ கோட்டை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கிடைக்கும், நடுவில் மதில்சுவரும் ஓடுகிறது. அதனால் உள்ளுக்குள்ளேயே ஏறிப் போய்விடலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி வழி கிடையாது. வெளியே வந்து, செங்குத்தான பாதையில் வெயிலில் ஏற வேண்டும். ஜூலை மாத மதியத்தில் குழந்தைகளையும் பெரியவர்களையும் இழுத்துக்கொண்டு ஏறுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். காலையிலேயே 35ஆம் எண் பஸ்ஸில் உச்சிக்குப் போய்விடுங்கள். துறைமுகமும் காளைச் சண்டை அரங்கின் வட்டமும் நேர் கீழே தெரியும். அப்புறம் நடந்து இறங்கி அல்கசாபாவைப் பாருங்கள். அதன் வாசலருகே இருக்கும் ரோமானிய அரங்கத்தையும் விட்டுவிடாதீர்கள். 1951இல்தான் அது மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது.

அதராசானாஸ் சந்தையை மாலைக்கு ஒத்திப்போட வேண்டாம். மதியத்துக்கு மேல் கடைகளை எடுத்து வைத்துவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை. அதன் பளிங்கு வாசல், அந்த இடம் 14ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்டும் கூடமாக இருந்த காலத்தது. அன்று கடல் அதுவரை வந்திருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு 12 மணிக்கே போய் நின்றால் அடுப்பே மூட்டியிருக்க மாட்டார்கள். இரண்டு மணிதான் சரியான நேரம். சைவம் சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தக்காளியில் செய்யும் குளிர்ந்த சூப்பான சல்மொரேஹோவின் மேல் பன்றி இறைச்சித் துணுக்குகளைத் தூவித் தருவது வழக்கம். முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல் எங்கும் கிடைக்கும், அருமையாக இருக்கும்.

பிக்காசோ 1881இல் பிறந்த வீடு மெர்செத் சதுக்கத்தில் இருக்கிறது. 2003இல் திறந்த பிக்காசோ அருங்காட்சியகம் வேறு இடம், வேறு டிக்கெட். ஓவியங்களைப் பார்க்க வேண்டுமென்றால் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். கடைகள் பல அடைத்திருக்கும் பிற்பகலுக்கு அது தோதான இடம்.

கடைசியாக, கடற்கரை என்றதும் பக்கத்திலிருக்கும் மலகெத்தாவோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கிழக்கே பெத்ரெகலேஹோவுக்குப் போங்கள். மணல் நிரப்பிய பழைய படகில் விறகுத் தீ எரியும். மத்தி மீன்களைக் குச்சியில் வரிசையாகக் கோத்து, தீயை ஒட்டி மணலில் சாய்வாக ஊன்றியிருப்பார்கள். கல்லுப்பைத் தவிர மசாலா எதுவும் கிடையாது. மே முதல் ஆகஸ்ட் வரை மீனில் கொழுப்பு ஏறியிருக்கும், அப்போதுதான் ருசி அதிகம். கையாலேயே சாப்பிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஜூனில் ஒன்பதரை மணிக்கு மேல்தான் சூரியன் மறையும் என்பதால் அவசரப்படவும் தேவையில்லை.