‘கிளிம் சாம்கின்’ நாவலைப் பாதியில் விடாமல் படிப்பது எப்படி?

மாக்சிம் கார்க்கியின் ‘கிளிம் சாம்கினின் வாழ்க்கை’ நான்கு தொகுதிகள் கொண்டது. 1925இல் தொடங்கி 1936இல் இறக்கும்வரை எழுதினார்; நான்காவது தொகுதி முடியவில்லை. நான் இரண்டு முறை முதல் தொகுதியின் நடுவிலேயே நிறுத்திவிட்டேன். மூன்றாம் முறை முழுதும் படித்தேன். அப்போது எதை மாற்றிச் செய்தேனோ அதையே இங்கே எழுதுகிறேன். ரஷ்யப் புரட்சி பற்றி உங்களுக்கு ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: சரியான வரிசையில் வாங்குங்கள்

பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் நான்கும் தனித்தனிப் பெயரில் வந்தன: ‘பைஸ்டாண்டர்’ (1930), ‘தி மேக்னட்’ (1931), ‘அதர் ஃபயர்ஸ்’ (1933), ‘தி ஸ்பெக்டர்’ (1938). இதே வரிசைதான். பழைய புத்தகக் கடையில் ஒன்று மட்டும் கிடைத்தால் தனி நாவல் என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 2: பெயர்த்தாள்

ஒரு முழுத்தாளை எடுத்து, அகர வரிசையில் எழுதாமல் வீடு வீடாக எழுதுங்கள். சாம்கின் வீடு: அப்பா இவான், அம்மா வேரா, அண்ணன் திமித்ரி. வரவ்கா வீடு: திமோஃபெய், அவர் மகள் லிடியா, மகன் போரிஸ். நம் முன்னெழுத்து மாதிரி, ரஷ்யப் பெயரின் நடுவில் அப்பா பெயர் இருக்கும். கிளிம் இவானோவிச் என்றால் இவானின் மகன். லிடியா திமோஃபெயெவ்னா என்றால் திமோஃபெயின் மகள். செல்லப் பெயர்களையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். திமித்ரியும் மீத்யாவும் ஒருவரே.

இதற்குக் காகிதமும் பென்சிலும்தான் நல்லது. கைபேசிக் குறிப்பில் வீடுகளை அருகருகே வைத்துப் பார்க்க முடியாது.

படி 3: கிளிமை நம்பாதீர்கள்

நான் இடறிய இடம் இது. கார்க்கியின் ‘தாய்’ நாவலைப் படித்த பழக்கத்தில், நாயகன் பக்கம் நின்று படித்தேன். கிளிம் யாரைப் பார்த்தாலும் மனசுக்குள் மட்டம் தட்டுகிறான். அவன் பார்வைதான் கார்க்கியின் பார்வை என்று எடுத்துக்கொண்டதால் நூறு பக்கத்திலேயே சலிப்பு வந்துவிட்டது.

கதை முழுக்க அவன் கண்ணில் படுவதுதான் நமக்குத் தெரியும். ஆனால் சொல்பவன் அவன் இல்லை. அப்பா அவனைச் சின்ன வயதிலேயே அசாதாரணக் குழந்தை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறார். அந்தப் பேரைக் காப்பாற்ற அவன் மற்றவர்களின் சொற்களைப் பொறுக்கிச் சேர்க்கத் தொடங்குகிறான். வளர்ந்தபிறகும் அதையே செய்கிறான். அதனால் மூன்றாம் வாசிப்பில் ஒரு வேலை செய்தேன். கிளிம் ஒரு கருத்தைச் சொல்லும்போது, அதை முன்பே வேறு யாராவது சொல்லியிருந்தால், ஓரத்தில் ‘க’ என்று போட்டேன். கடன் என்று பொருள். யாரிடம் வாங்கியது என்பதையும் எழுதினேன்: ஆசிரியர் தொமீலினிடமா, வணிகர் வீட்டு லுதோவிடமா, போல்ஷெவிக் குதூசோவிடமா? முதல் தொகுதி முடிவதற்குள் ஓரங்கள் நிரம்பிவிட்டன. சலிப்பும் போய்விட்டது.

சிறுவயதில் வரும் பனிச்சறுக்குக் காட்சியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஆற்றின் பனி உடைந்து போரிஸும் வார்யா என்ற சிறுமியும் தண்ணீரில் விழுகிறார்கள். கிளிம் தன் வாரை நீட்டுகிறான். போரிஸ் பிடித்து இழுக்க, தானும் உள்ளே போய்விடுவோம் என்று பயந்து கிளிம் விட்டுவிடுகிறான். தேடும்போது கூட்டத்தில் ஒரு குரல் கேட்கிறது: பையன் இருந்தானா, ஒருவேளை பையனே இல்லையோ? இருந்தான் என்று சொல்ல கிளிமுக்கு வாய் வரவில்லை. இந்தக் கேள்வி ரஷ்ய மொழியில் மரபுத்தொடராகவே ஆகிவிட்டது. நாவலில் திரும்பத் திரும்ப வருகிறது. வரும்போதெல்லாம் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: விவாதப் பக்கங்கள்

நிறைய வரும். மார்க்சியர், நரோத்னிக்குகள் (விவசாயிகளை நம்பிய புரட்சியாளர்கள்), மதப் பிரிவினர் என்று எல்லோரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு கோட்பாட்டையும் தேடிப் படிக்காதீர்கள். யார் பேசும்போது கிளிமுக்கு எரிச்சல் வருகிறது என்று மட்டும் பாருங்கள், போதும்.

பின்சேர்க்கை: தேதிக் குழப்பம்

வரலாற்று நூலுடன் ஒப்பிட்டுப் படித்த சிலர், தேதிகள் பொருந்தவில்லையே என்று கேட்டிருந்தார்கள். அன்றைய ரஷ்யாவில் பழைய நாட்காட்டி. 19ஆம் நூற்றாண்டுத் தேதிகளுக்கு 12 நாளும், 20ஆம் நூற்றாண்டுத் தேதிகளுக்கு 13 நாளும் கூட்டிக்கொள்ளுங்கள். 1896 மே 18இல், ஜார் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி மாஸ்கோவில் நடந்த ஹோதின்கா நெரிசல் நம் கணக்கில் மே 30. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பீட்டர்ஸ்பர்க்கில் தொழிலாளர் ஊர்வலத்தைச் சுட்ட இரத்த ஞாயிறு 1905 ஜனவரி 9, அதாவது ஜனவரி 22. பெயர்த்தாளின் பின்பக்கத்தில் இந்த இரண்டையும், 1905 டிசம்பர் மாஸ்கோ எழுச்சியையும், 1917ஐயும் எழுதிவைத்தால் நாற்பது ஆண்டுக் கதையில் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

நான்காம் தொகுதியின் கடைசிப் பக்கங்கள் துண்டு துண்டாக இருக்கும். அச்சுப்பிழை இல்லை, கார்க்கி விட்டுச்சென்றது அவ்வளவுதான். அதுவரை வந்துவிட்டால், புத்தகத்தை மூடாமல் அந்தப் பனிக் காட்சிக்குத் திரும்பிப் போய் இன்னொரு முறை படியுங்கள்.