இடமாற்றத்தின்போது வீட்டுச் சாமான்களை நாமே கொண்டு செல்லலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இடமாற்றம் பெற்ற அரச ஊழியர், லொறி பேசுவதற்கு முன்பாகவே, போக்குவரத்துச் செலவு மீளளிக்கப்படுமா, அதற்கு முன்அனுமதி வேண்டுமா, எந்தெந்தப் பற்றுச்சீட்டுகளை வைத்திருக்க வேண்டும் என்பவற்றை அலுவலகக் கணக்குக் கிளையில் எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும்.

அடுத்தது கணக்கு. ஏ9 வீதி வழியே ஏறக்குறைய 400 கிலோமீற்றருக்குப் பேசப்படும் லொறிக் கூலியோடு, இரு முனைகளிலும் ஏற்றி இறக்குவோரின் கூலி, சாரதியின் சாப்பாடு, பெட்டி, கயிறு, படங்கு ஆகியவற்றையும் கூட்டிய பிறகே, பொதி கட்டுவது முதல் இறக்கி வைப்பது வரை பொறுப்பேற்கும் நிறுவனம் கேட்கும் தொகையோடு ஒப்பிடுங்கள். கொழும்பிலிருந்து சரக்கோடு வந்து வெறுமையாகத் திரும்பும் லொறி கிடைத்தால் கூலி குறையலாம். உடைவுக்கு யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்குங்கள். என் பார்வையில் தொகையைவிட இதுவே முக்கியம்.

தளபாடங்கள் குறைவாகவும், தூக்கிக்கொடுக்க உறவினர் துணையும் இருந்தால் நீங்களே செய்யலாம். கண்ணாடி அலுமாரிகள் பல உள்ள வீட்டினரும், முதியோரைத் தனியே கவனிக்க வேண்டியவர்களும் நிறுவனத்திடம் ஒப்படைப்பதே நல்லது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாரியில் திறந்த லொறியைத் தவிருங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை ஆகியவை எவ்வழியாயினும் உங்கள் கைப்பையிலேயே வரட்டும்.