மாடியில் பிங்க் டைகர்: கிள்ளிப் போட ஒரு மிளகாய்

முதல் பிங்க் டைகரைப் பறித்து வந்த அன்று, என் மாமியார் அதை முறத்தில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன அம்மிணி, பழுத்துருச்சா பழுக்கலையான்னே தெரியலயே" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. விரல் நீளக் காய். காம்புப் பக்கம் கத்தரிக்காய் நிறம், நடுவில் பன்னீர் ரோஜா நிறம், நுனியில் கொஞ்சம் சந்தன நிறம். ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வெளிறிய கோடு ஒன்று. செடியில் இருந்தபோது ஓர் இலை அங்கே ஒட்டிக்கொண்டு வெயிலை மறைத்திருக்கிறது. ஊதா நிறம் வெயில் பட்டால்தான் ஏறும் என்பதால் இலையின் நிழல் அப்படியே காயில் பதிந்துவிட்டது.

இது இத்தாலியில் உருவான கலப்பு. ஒரு பெற்றோர் நம் வடகிழக்கின் பூத் ஜொலோகியா, அதாவது பேய் மிளகாய். இன்னொன்று பிரேசிலின் பிமென்டா த நேய்டி. பழுத்த பிறகும் ஊதா மாறாத மிளகாய் அது. காரம் பூத் ஜொலோகியாவிலிருந்து வருகிறது. 2007-இல் கின்னஸ் சாதனையாகப் பதிவானபோது அதன் காரம், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில், 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பிங்க் டைகரையும் அந்த மரியாதையோடுதான் கையாள வேண்டும். என் கணக்கில் இது பெருங்காயம் மாதிரி. துளி போதும், வாசனைக்காகப் போடுவது. முழுசாகக் கடித்துக் காட்டுகிற சவாலுக்கு இதை யாரும் கேட்டால் நான் காய் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் ஒரு போட்டியில் கரோலினா ரீப்பர் என்கிற கடுங்கார மிளகாயைத் தின்ற 34 வயதுக்காரர் மூளை இரத்தக்குழாய்கள் சுருங்கி, பொறுக்க முடியாத தலைவலியோடு மருத்துவமனைக்குப் போனது 2018-இல் மருத்துவ இதழிலேயே வந்தது.

சரி, வளர்ப்புக்கு வருகிறேன். எங்கள் வீடு கோயம்புத்தூர் வடவள்ளியில். முதல் தடவை தை மாதத்தில் விதை போட்டேன். செடி இடுப்பு உயரம் வந்தது, சித்திரையில் பூவும் கொட்டிக் கிடந்தது. ஆம், கொட்டித்தான் கிடந்தது. ஒன்றுகூடப் பிஞ்சாகவில்லை. காலையில் மாடிக்குப் போனால் பையைச் சுற்றிக் காம்போடு உதிர்ந்த பூக்கள். உரத்தை மாற்றினேன், தண்ணீரைக் கூட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. காரணம் வெயில்தான். பகல் 33, 34 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் இந்த வகைச் செடி பூவைத் தக்கவைக்காது. சம்பா மிளகாய் தாங்குகிற சூட்டை இது தாங்காது.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். பூ எப்போது வர வேண்டும்? ஐப்பசி, கார்த்திகையில். அப்படியானால் விதை வைகாசிக் கடைசியில், ஜூன் முதல் வாரத்தில் போட வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். இந்த மிளகாய்க்கு ஆடியில் நாற்று தயாராகியிருக்க வேண்டும். மார்கழியில் முதல் பழம், மாசி வரை பறிப்பு. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு ஒரு செடியில் நாற்பது காய்க்குக் குறையாமல் எடுக்கிறேன்.

விதை முளைக்கப் பொறுமை வேண்டும். ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஈர டிஷ்யூ பேப்பரில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வைத்து, இணைய ரூட்டரின் மேல் வைத்துவிடுவேன். அந்த இளஞ்சூடு போதும். போன முறை முதல் விதை 12-ஆம் நாள் முளைவிட்டது, கடைசி விதை 27-ஆம் நாள். பத்து நாளில் முளைக்கவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முளைத்ததும் கோகோபீட்டும் (தென்னை நார்த் தூள்) மண்புழு உரமும் சரிபாதியாகக் கலந்த குழித்தட்டுக்கு மாற்றுங்கள். ஆறு இலை வந்த பிறகு 15 அங்குல குரோ பேக், அதாவது செடி வளர்க்கும் பை. செம்மண், கோகோபீட், மட்கிய சாணம் மூன்றும் சம அளவு, பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. விரலை விட்டுப் பார்த்து மேல் ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். வடகிழக்கு மழை பெய்கிற நாட்களில் பை செங்கல் மேல் இருக்கட்டும். தேங்கிய நீரில் வேர் இரண்டே நாளில் அழுகிவிடும்.

இலை சுருண்டால் உடனே மருந்தைத் தூக்காமல், எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பாருங்கள். மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பு நீண்டிருந்தால் சிலந்தி (வலை பின்னும் சிலந்தி அல்ல, சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சி). இலைப்பேனுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு காதி சோப்புக் கரைசலும், வாரம் ஒரு முறை, வெயில் தாழ்ந்த பிறகு. சிலந்திக்கு வேப்பெண்ணெய் எனக்குப் போதவில்லை. நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் தெளித்தேன், அடங்கியது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து அடிக்கக் கூடாது, குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் இலை கருகும்.

ஊதா பளிச்சென்று வர, காய் பிடித்ததும் மேலே மறைக்கிற இரண்டொரு இலையைக் கிள்ளி விடுங்கள். அடர் ஊதா மங்கி இளஞ்சிவப்பு விரிந்து, காய் லேசாக மிருதுவானால் பழம். கத்தரியால் காம்போடு வெட்டுங்கள்.

இனி அடுக்களை. நைட்ரைல் கையுறை இல்லாமல் வெட்டாதீர்கள். வெறுங்கையால் தொட்டுவிட்டால் முதலில் தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு பாத்திர சோப்பால் கழுவ வேண்டும். காரச்சத்து எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. வாய் எரிந்தாலும் தண்ணீர் வேண்டாம், தயிர். நம் மிளகாயில் விதை ஒட்டியிருக்கிற வெள்ளைத் தண்டில்தான் காரம் திரண்டிருக்கும். இந்த வகையில் தோலின் உட்பக்கமும் காரம் சுரக்கிறது. அதனால் விதையையும் தண்டையும் எடுத்துவிட்டாலும் சாதுவாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது.

நான் அடிக்கடி செய்வது கேரட் சாஸ். கால் கிலோ கேரட், பத்துச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, இரண்டே இரண்டு பிங்க் டைகர், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, 150 மில்லி வினிகர், அதே அளவு தண்ணீர். மூடி போட்டுக் கேரட் குழையும்வரை வேகட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். நன்றாக ஆறிய பிறகு அரையுங்கள். முதல் தடவை நான் சூட்டோடு அரைத்து மிக்ஸி மூடியை உடனே திறந்துவிட்டேன். ஹாலில் இருந்த அப்பாவுக்கு இளைப்பு வந்து, அரைமணி நேரம் மாடியில் உட்காரவைத்தோம். அன்றிலிருந்து அரைத்து முடித்து பத்து நிமிடம் கழித்துத்தான் மூடியைத் திறக்கிறேன். வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர்களும் குழந்தைகளும் இருந்தால் அவர்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் செய்யுங்கள். அரைத்ததை மறுபடி ஒரு கொதி விட்டு, கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். தோசைக்கு அரை டீஸ்பூன் போதும். ஜாரை எண்ணெய் தடவித் துடைத்துக் கழுவாவிட்டால் மறுநாள் தேங்காய்ச் சட்னியும் காரமாகும்.

சூட்டில் ஊதா நிறம் நிற்காது, பழுப்பாகிவிடும். நிறம் வேண்டுமென்றால் பச்சையாக மெல்லிய வளையமாக அரிந்து, சின்ன வெங்காயத்தோடு வினிகரில் போடுங்கள். புளிப்பில் ஊதா சிவந்து, இரண்டு நாளில் வினிகருக்கே இளஞ்சிவப்பு ஏறும். அந்த வினிகரை ஒரு ஸ்பூன் வெள்ளரி, மாங்காய் மேல் தெளித்துத் தின்பதற்காகவே நான் இந்தச் செடியை வளர்க்கிறேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

இன்னொரு வழி கரீபியன் தீவுக்காரர்களிடமிருந்து எடுத்தது. அவர்கள் ஸ்காட்ச் பானெட் மிளகாயைக் கீறாமல் முழுசாகக் குழம்பில் மிதக்கவிட்டு, உடையாமல் எடுத்துவிடுவார்கள். அதே இனம்தான் இதுவும். அரிசிம்பருப்பு சாதம் திறந்த பாத்திரத்தில் செய்யும்போது, கடைசி ஐந்து நிமிடம் ஒரு முழுக் காயைக் காம்போடு மேலே வைக்கிறேன், காம்பைப் பிடித்துத் தூக்கிவிடுகிறேன். பழ வாசனை மட்டும் சாதத்தில் நிற்கும். குக்கரில் வேண்டாம், வெடித்துவிடும். மோர் மிளகாய் போட்டுப் பார்த்தேன், அதுவும் வேண்டாம். எண்ணெயில் பொரிக்கிற புகையில் வீட்டில் நிற்க முடியாது.

விதை எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. கலப்பு இன்னும் முழுசாக நிலைப்படவில்லை. ஒரே காயின் விதையிலிருந்து நான் வளர்த்த நான்கு செடிகளில் ஒன்று ஊதாவே இல்லாமல் சந்தன நிறக் காய் தந்தது, ஒன்று கடைசிவரை கருத்தே இருந்தது. பிடித்த செடியின் மொட்டுக்கு விரியும் முன்பே மெல்லிய வலைப்பை கட்டி, மகரந்தம் கலக்காமல் காக்க வேண்டும். அந்தச் செடியின் எண்ணை விதைக் கவரில் எழுதி வைக்கிறேன். பங்குனியில் பறிப்பு முடிந்ததும் செடியை முக்கால் அடியாக வெட்டி, பச்சை நிழல்வலைக்குக் கீழே தள்ளிவிடுகிறேன். கோடையில் காய் கேட்பதில்லை, உயிரோடு இருந்தால் போதும். ஆனி மழைக்கு வெட்டிய கணுவில் ஊதாத் துளிர் வரும்.