கிரீனுக்கு ஓரடி வெளியே: பட்டரா, சிப்பா?

கோல்ஃபில் பந்து கிரீனைத் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) தொட்டும் தொடாமலும் ஃப்ரிஞ்சில் (அதன் விளிம்புப் புல்) நின்றுவிட்டால், பட்டரால் (பந்தை உருட்டும் மட்டை) தள்ளுவதா, வேறு மட்டையால் சிப் செய்வதா (கொஞ்சம் தூக்கிப் போட்டு உருளவிடுவதா) என்று ரொம்ப நாள் தடுமாறிக்கொண்டிருந்தேன். அதைத் தீர்த்தது ஸ்விங் பயிற்சி இல்லை, குனிந்து புல்லைப் பார்க்கும் பழக்கம்தான்.

வெயில் ஊர்களில் பெரும்பாலும் பெர்முடா புல், அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். குழிப் பக்கம் பார்க்கும்போது வெளிறிப் பளபளத்தால் குழிப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, பந்து தடையில்லாமல் உருளும், யோசிக்காமல் பட்டர். கருத்துத் தெரிந்தால் நம்மை எதிர்த்து நிற்கிறது. அங்கே வெட்ஜின் (பந்தைத் தூக்கி அடிக்கும், முகம் சாய்ந்த மட்டை) முனை புல்லில் மாட்டிக்கொண்டு பந்து ரெண்டடி நகர்ந்து நிற்கும், அதனால் அப்போதும் பட்டர்தான், கொஞ்சம் கூடுதலாக அடிக்க வேண்டும், அவ்வளவுதான். பந்துக்கும் கிரீனுக்கும் நடுவில் இருக்கும் புல் ரெண்டு எட்டுக்கு மேல் போனாலோ, ஈரமாக இருந்தாலோ, ஸ்பிரிங்க்ளர் மூடி குறுக்கே வந்தாலோ எட்டாம் நம்பர் அயர்ன் (வெட்ஜைவிடச் சாய்வு குறைந்த மட்டை). பந்தைப் பின்காலருகே வைத்து, மணிக்கட்டை மடக்காமல், பட்டர் மாதிரியே தள்ளினால் கிரீனுக்குள் ஓரெட்டு தள்ளி விழுந்து மிச்சத்தை உருண்டே போய்விடும். பந்தை ரொம்ப உயரமாகத் தூக்கும் லாப் வெட்ஜெல்லாம் (டிவியில் பார்க்க அழகுதான்) குழியைக் காட்டும் கொடி கிரீனின் நம் பக்க ஓரத்திலேயே இருந்தால் மட்டும்.

அப்புறம், கொடிக்கம்பை நான் எடுப்பதில்லை. வேகமாகப் போகும் பந்து சில சமயம் அதில் பட்டு நிற்கும். கிரீனுக்கு வெளியிலிருந்து அடித்தால் 2019 விதி மாற்றத்துக்கு முன்பும் அதற்கு அபராதம் கிடையாது.