பணி ஓய்வு பெற்ற கையோடு வீட்டை விற்காதீர்கள்

மே மாதம் முடிந்ததும் எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் புதுமுகங்கள் வந்து நிற்பார்கள். வாத்தியார்கள், தாலுகா ஆபீஸ்காரர்கள், மின்வாரியத்தில் இருந்தவர்கள் என்று எல்லாரும் உண்டு. படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. நிரப்பும்போதே அவரவர் திட்டமும் வெளியே வந்துவிடும். எங்கள் செட் பத்து வருஷத்துக்கு முன்னால் பண்ணிய அதே காரியங்களைத்தான் இவர்களும் வரிசையாகப் பண்ணுகிறார்கள்.

நடைப்பயிற்சி, சர்க்கரை, இன்சூரன்ஸ் பற்றியெல்லாம் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, நம்மைத் தேடி வருகிற ஆட்களை நாமே தொலைத்துவிடும் வழிகளைப் பற்றி.

வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விடுவது

எரிச்சலோடுதான் எழுதுகிறேன். "சார், வீடு நல்ல விலைக்கு முடிஞ்சிடுச்சு. பென்ஷனைச் சென்னைக்கு எப்படி மாத்துறது?" என்று கேட்டு வருவார்கள். பென்ஷன் மாற்றுவது ஒரு விஷயமே இல்லை. அட்வான்ஸ் வாங்கும் முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்கவே மாட்டார்கள்.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு சர்வேயர் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் அவரால் டீக்கடை வரை நிம்மதியாகப் போய்வர முடியாது. சைக்கிளை மறித்து, உட்பிரிவுப் பட்டா ஏன் இழுக்கிறது, பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டிவிட்டார், புலப்படத்தில் இருக்கும் அளவும் தரையில் இருக்கும் அளவும் ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவரும் சட்டைப் பையிலிருந்து பழைய ரசீது ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் கோடு போட்டு விளக்குவார். காசு வாங்க மாட்டார், டீ மட்டும் குடிப்பார். இரண்டு குடும்பம் கோர்ட்டுக்குப் போகாமல் அவர் திண்ணையிலேயே பேசி முடித்த கதையெல்லாம் உண்டு.

அவர் வீட்டை விற்று, அந்தப் பணத்தில் மகனுடைய வீட்டுக் கடனில் பாதியை அடைத்துவிட்டு, சிறுசேரி பக்கம் ஒரு அடுக்குமாடிக்குப் போனார். மகன் நல்ல பையன், மருமகளும் தங்கமான பெண். இதில் யார் மேலும் குற்றம் இல்லை, அதுதான் சங்கடமே. இரண்டு பேரும் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருகிறார்கள். பேரனை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றி இறக்குவதுதான் இவர் வேலை. பேரன் ஆறாம் வகுப்புக்கு வந்ததும் "தாத்தா, நீங்க வர வேணாம், நானே போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டான். அதோடு அந்த வேலையும் போயிற்று. கீழே செக்யூரிட்டி மாறும்போதெல்லாம் புது ஆள் இவரிடம் எந்த வீடு என்று கேட்கிறான். எந்த வாய்க்கால் எந்தச் சர்வே எண்ணில் ஓடுகிறது என்ற அறிவுக்கு அங்கே என்ன வேலை?

திரும்பி வரலாமென்றால் வீடு இல்லை. விற்ற விலைக்கு அதே தெருவில் பாதி மனைகூட இப்போது கிடைக்காது.

மகன் வீட்டுக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. தனியாக இருக்க முடியாத உடம்பு என்றால் போய்த்தான் ஆக வேண்டும். முதலில் விருந்தாளியாக இல்லாமல் அங்கேயே குடியிருப்பவராக ஒரு வருஷம் இருந்து பாருங்கள். தீபாவளிக்குப் போய்ப் பத்து நாள் தங்குவது கணக்கில் வராது. அதுவரை ஊர் வீட்டில் ஒரு அறையை மட்டும் உங்களுக்கென்று பூட்டி வைத்துக்கொண்டு மீதியை வாடகைக்கு விடுங்கள். ஆள் கிடைக்கவில்லையா, பூட்டியே கிடக்கட்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை கட்டணம் இல்லாததால் கரண்ட் செலவும் இருக்காது, சொத்து வரி மட்டும்தான். சென்னையில் உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் கும்பகோணம் பக்கத்து ஊருக்கு வந்துவிடலாம். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வந்து போய்க்கொண்டிருந்தாலே ஊர் உங்களை மறக்காது. ரேஷன் கார்டையும் வாக்காளர் அட்டையையும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

உயிருடன் இருக்கும்போதே செட்டில்மென்ட் எழுதுவது

சொத்தை இப்போதே பிள்ளைகள் பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுப்பதுதான் செட்டில்மென்ட். இதுவும் பெரிய தவறுதான். ஆனால் வக்கீல்கள் எல்லாருமே எச்சரிக்கிறார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். உயில் எழுதினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சி போதும். செட்டில்மென்ட் அப்படியில்லை, எழுதிப் பதிவு செய்து பிள்ளைகள் ஏற்றுக்கொண்டுவிட்டால் நினைத்தபடி ரத்து செய்ய முடியாது.

கட்டாயம் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கடைசிவரை அவர்கள்தான் பராமரிக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தைத்தான் பேசுகிறது. நிபந்தனையை மீறினால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். "பெத்த பிள்ளைகிட்ட நிபந்தனையா" என்று கூச்சப்பட்டு அந்த வரியை விட்டவர்கள்தான் அப்புறம் அலைகிறார்கள்.

காது மெஷினைத் தள்ளிப்போடுவது

"வீட்டில் யாரும் என்னோடு பேசுவதே இல்லை" என்று குறைப்படுகிறவர்களில் சிலருக்குக் காதுதான் கோளாறு. ஒவ்வொன்றையும் மூன்று தடவை சொல்லச் சலித்து வீட்டார் ஒதுங்கிவிடுகிறார்கள், இவர் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறார். மறதி நோய் பற்றி 2024இல் வந்த லான்செட் ஆணைய அறிக்கை, சரிசெய்யக்கூடிய 14 காரணங்களைச் சொல்கிறது. காது கேளாமையும் மனிதத் தொடர்பு அற்றுப்போவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கண்ணாடி போட வெட்கப்படாதவர்கள் இதற்கு மட்டும் ஏன் வெட்கப்படுகிறார்களோ.

வாட்ஸ்அப்பில் காலை வணக்கம்

அது தொடர்பு ஆகாது. போன் போட்டுப் பேசுங்கள்.

பதவி கொடுத்தால்தான் சங்கத்துக்கு வருவேன் என்பது

நாற்காலி எடுத்துப் போடவும் ஆள் வேண்டும். அதற்கு வாருங்கள்.

ஏடிஎம் கார்டை, ஓடிபியை, உயிர்வாழ் சான்றை மகனிடம் விட்டுவிடுவது

வங்கிக்கு நீங்களே போங்கள். கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணுக்கு உங்கள் முகம் தெரிந்திருக்க வேண்டும். நடக்க முடியாத நாளில் தபால்காரரை வரச் சொன்னால் வீட்டுக்கே வந்து, பென்ஷனுக்காக வருஷம் ஒருமுறை கொடுக்கும் உயிர்வாழ் சான்றை டிஜிட்டலாகப் பதிந்து கொடுப்பார். அதற்குச் சின்னக் கட்டணம் உண்டு. வந்தவரை உட்காரச் சொல்லி ஒரு காபி கொடுங்கள்.