வேலூர் வெயிலில் வைன் ருசிப்பது எப்படி?

"சிவப்பு வைனை அறை வெப்பத்தில் பரிமாறவும்" என்ற குறிப்பை நம்பிப் பாட்டிலை மேசையில் வைத்துவிடாதீர்கள். அது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறையைச் சொல்கிறது. 16 முதல் 18 டிகிரி. கத்திரி வெயிலில் வேலூர் வீடு 35-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் ஆவி முந்திக்கொண்டு மூக்கில் ஏறும், பழ வாசனை அதற்குள் அமுங்கிப்போகும். "தொண்டை எரியுது" என்று பலர் முதல் கிளாஸோடு விட்டுவிடுவது இதனால்தான்.

எனவே முதல் வேலை குளிரவைப்பது. வெளிநாட்டுக் குறிப்புகள் சிவப்புக்கு அரைமணி நேர ஃப்ரிட்ஜ் போதும் என்கின்றன. அது 22 டிகிரியில் தொடங்கும் கணக்கு. 35-இலிருந்து இறங்க நமக்கு 2 மணி நேரமாவது வேண்டும். வெள்ளை வைனை முந்தைய இரவே உள்ளே வைத்து, ஊற்றுவதற்கு 15 நிமிடம் முன் வெளியே எடுங்கள். 8 முதல் 12 டிகிரி சரி. அதற்கும் கீழே போனால் வாசனை எழாது, புளிப்பு மட்டும் தெரியும்.

அவசரமென்றால் உயரமான பாத்திரத்தில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி கல்லுப்பு. பாட்டில் கழுத்துவரை முங்கட்டும். சிவப்புக்குச் சுமார் 15 நிமிடம், வெள்ளைக்கு 25. ஐஸ் மட்டும் போட்டால் கட்டிகளுக்கிடையே காற்று நின்றுவிடும், பாட்டிலில் குளிர் மெதுவாகத்தான் ஏறும். தண்ணீர்தான் வேலை செய்கிறது. ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த கிளாஸைவிட அதுதான் முக்கியம்.

கிளாஸ் வாய் குறுகியதாக இருந்தால் போதும். ஸ்டீல் டம்ளர் வேண்டாம், நிறமே தெரியாது. 50 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். நம் ஊரில் கிளாஸிலேயே சூடேறிவிடும். தாளிப்பு, ஊதுபத்தி, மல்லிகை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சமையல் தொடங்குமுன் உட்காருவது நல்லது.

சுழற்றுங்கள், முகருங்கள், ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிட்டு, கொஞ்சம் காற்றை உறிஞ்சித் துப்புங்கள். துப்பினால்தான் நான்காவது வைனையும் நிதானமாக மதிப்பிட முடியும்.

சிவப்பில் கவனிக்க வேண்டியது துவர்ப்பு. நாவல்பழம் தின்றபின் நாக்கு இழுத்துப் பிடிப்பதுபோல இருக்கும். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வருவது அது. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டதும் இதே டானின் வகைப் பொருள்களை வைத்துத்தான். கேபர்னே சாவிக்னான் என்ற சிவப்பு வைன் திராட்சை வகையில் துவர்ப்பு அதிகம். அதனால் தொடக்கத்துக்கு செனின் பிளாங்க் என்ற வெள்ளை வைன் எடுங்கள். மகாராஷ்டிரத்தின் நாசிக் வைன்களில் எளிதாகக் கிடைக்கும்.

ஆம்பூர் பிரியாணியோடு துவர்ப்பான சிவப்பு ஒத்துவராது. மிளகாய் காரத்தை ஆல்கஹால் ஏற்றிவிடும். லேசாக இனிக்கும் வெள்ளை தாங்கும்.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெட்டது, வினிகர் நெடி வந்தால் வைன் புளித்தது. இரண்டையும் சரிசெய்ய முடியாது. திருகு மூடிப் பாட்டிலில் கார்க் வாடைத் தொல்லை அநேகமாக இல்லை. தொடக்கத்தில் அதையே தேடி வாங்குங்கள்.

பின்சேர்க்கை: மீந்ததைச் சிறிய பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி மூடி, சிவப்பானாலும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். 3 நாள் தாங்கும். திறக்காத பாட்டிலைப் பரணில் போடாதீர்கள். ஓட்டுக்கடியில் ஒரு கோடை போதும், கார்க் மேலே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.